தெரு ஒரு பக்கம், கிப்லா ஒரு பக்கம்

கெய்ரோவின் முயிஸ் தெருவில் என்னைக் கட்டிப்போட்டவை சுவர்கள். குவிமாடமும் மினாராவும் எல்லோர் கண்ணிலும் தானாகப் படும். சுவரின் பருமன் அப்படிப் படாது. ஜன்னல் குழிவுக்குள் தலையை நீட்டி, இரண்டு பக்கத்தையும் கையால் அளந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மெலிந்து நிற்கிற சுவர், மறுபக்கம் போகப்போகத் தடித்துக்கொண்டே போகிறது. நூல் பிடிக்கத் தெரியாத கொத்தனாரின் வேலை என்று முதலில் தோன்றும். அந்தத் தெருவிலேயே மிகவும் யோசித்துச் செய்த வேலை அதுதான்.

நான் காவிரி டெல்டாப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிறவன். வீடுகள்தான் அதிகம், இடையிடையே பள்ளிவாசல்களும் வரும். பள்ளிவாசல் என்றால் எங்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. மனை தெருவைப் பார்த்து அளக்கப்பட்டிருக்கும். தொழுகையோ கிப்லாவை, அதாவது மக்காவின் திசையைப் பார்த்து நடக்க வேண்டும். நம் பக்கம் கிப்லா நேர் மேற்கு கிடையாது, மேற்கிலிருந்து கொஞ்சம் வடக்கே சாயும். ஜமாஅத்துப் பெரியவர்கள், "ஒரு அடி இடம்கூட வீணாகக் கூடாது தம்பி" என்பார்கள். கடைசியில் கட்டடத்தை மனைக்கு நேராக எழுப்பிவிட்டு, உள்ளே விரிப்பில் மட்டும் தொழுகை வரிசைக்கான ஸஃப்புக் கோடுகளைக் கோணலாக இழுத்துவிடுவோம். மூலைகளில் முக்கோணமாக இடம் மிஞ்சும். மனைக்கு மேற்கே தெரு வந்துவிட்டால் இன்னொரு சிக்கல்: வாசல் வைக்க வேண்டிய பக்கமும் மிஹ்ராப் (கிப்லாவைக் காட்டும் சுவர்மாடம்) வைக்க வேண்டிய பக்கமும் ஒன்றாகிவிடும். தொழுது கொண்டிருப்பவர்களின் முகத்துக்கு நேராகக் கதவு திறக்க முடியுமா?

இந்த இரண்டு தொல்லைகளையும் நூற்றாண்டு நூற்றாண்டாக, ஒரே தெருவில், அடுத்தடுத்த மனைகளில் தீர்த்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தான் நடந்தேன்.

என் லாத்தா (அக்கா) மகன் கெய்ரோவில் அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் ஓதுகிறான். மக்காவில் உம்ராவை முடித்துக்கொண்டு நானும் மனைவியும் அவனிடம் போயிருந்தோம். வழிகாட்டியை அவன்தான் ஏற்பாடு செய்தான். கட்டடக்கலை படித்த இளம்பெண். வேலை இல்லாத நாட்களில் இப்படி ஆட்களைத் தெருவுக்குள் கூட்டிப்போகிறவர். நான் வரைபடம் போடுகிறவன் என்று தெரிந்ததிலிருந்து என்னை "பாஷ்முஹந்திஸ்" என்றே கூப்பிட்டார். எகிப்தில் எஞ்சினியரை அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்களாம். பைக்குள் பழைய தரைப்பட நகல்கள் சிலவற்றை வைத்திருந்தார். 1881இல் எகிப்தில் பழங்கட்டடங்களைக் காக்க ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு அளந்து வரைந்து வைத்தவை இன்றும் எல்லோருக்கும் ஆதாரம். ஒவ்வொரு கட்டடத்துக்கு முன்னாலும் அவர் முதலில் தரைப்படத்தை என் கையில் கொடுத்தார், பிறகுதான் பேச்சு. அதைவிட நல்ல வழிகாட்டுதல் எனக்குத் தெரியவில்லை.

வடக்கே பாபுல் ஃபுதூஹ் என்ற கோட்டைவாசலில் தொடங்கினோம். தெற்கே பாப் ஸுவைலாவில் முடியும். நிற்காமல் நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாத தூரம். எங்களுக்கு ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது.

969இல் ஃபாத்திமி வம்சத்துத் தளபதி ஜவ்ஹர் எகிப்தைப் பிடித்தவுடன், தன் கலீஃபா அல்-முயிஸுக்காகப் போட்ட புது நகரம் இது. மதிலுக்குக் கயிறு கட்டி, கயிற்றில் மணிகளைத் தொங்கவிட்டு, நல்ல நேரம் வரும்போது சோதிடர்கள் ஆட்ட வேண்டும் என்று காத்திருந்தார்களாம். அதற்குள் ஒரு காகம் கயிற்றில் வந்து உட்கார, மணி அடிக்க, ஆட்கள் கடகால் தோண்டத் தொடங்கிவிட்டார்களாம். அலெக்சாந்திரியாவுக்கும் இதே கதையை அதற்கு முன்பே சொல்லியிருக்கிறார்கள், ஆகையால் கதையாகவே எடுத்துக்கொள்ளலாம். தெரு எதைப் பார்த்துப் போடப்பட்டது என்பதற்குக் காகத்தைவிட நல்ல விளக்கம் ஒன்று இருக்கிறது. நகரத்துக்கு மேற்கே நைலிலிருந்து பிரிந்த ஒரு பழைய கால்வாய் ஓடியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அதைத் தூர்த்துச் சாலையாக்கினார்கள். நகரத்தை அந்தக் கால்வாயின் கரையோடு சேர்த்து அமைத்தார்கள். ஆக, நடுத்தெருவுக்கு நூல் பிடித்தது தண்ணீர்.

கோட்டைவாசல் இன்னும் நூறாண்டு பிந்தியது. ஜவ்ஹரின் மதில் மண்செங்கல். ஆர்மீனிய வம்சத்தவரான வஸீர் (முதலமைச்சர்) பத்ருல் ஜமாலி 1087இல் அதைப் பெரிதாக்கி, இந்தப் பக்கத்து வாசல்களைக் கல்லில் எழுப்பினார். இன்றைய துருக்கியின் உர்ஃபாவிலிருந்து வந்த கொத்தர்கள் கட்டியதாகச் சொல்வார்கள். பாபுல் ஃபுதூஹின் கோபுரங்கள் உருண்டை. சற்றுத் தள்ளி நிற்கிற பாபுன் நஸ்ருக்குச் சதுரம், அதில் கேடயங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மதிலுக்குள் ஃபிர்அவ்ன் (பாரோ) காலத்துச் சித்திர எழுத்து வெட்டிய கற்களும் கலந்திருக்கின்றன. 1798இல் வந்த நெப்போலியனின் படை, கோபுரங்களுக்குத் தங்கள் அதிகாரிகளின் பெயரைச் சூட்டிக் கல்லில் வெட்டியும் வைத்திருக்கிறது. அதைப் பார்த்து என் மனைவிக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது.

வாசலைத் தாண்டியதும் இடக்கைப் பக்கம் ஹாகிம் பள்ளிவாசல். 990இல் தொடங்கி 1013இல் முடித்தது. பரந்த முற்றம், வெள்ளைப் பளிங்கு கண்ணைக் கூசியது. பளிங்கு பழையதல்ல, பல காலம் பாழாய்க் கிடந்த பள்ளியை 1980இல் தாவூதி போஹ்ராக்கள் என்ற ஷியா முஸ்லிம் பிரிவினர் புதுப்பித்தபோது வந்தது. இடைக்காலத்தில் இந்த இடம் பட்ட பாடு கொஞ்சமல்ல. பிரெஞ்சுப் படை இதைக் கோட்டையாக்கியது. 1880களில் எகிப்தின் முதல் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தை இந்த முற்றத்தில்தான் வைத்திருந்தார்கள். பளிங்கு அதிகம்தான், பழமை தேய்ந்துவிட்டது என்று கட்டடக்கலைக்காரர்கள் குறைப்படுவதும் நியாயம்தான். ஆனால் நாங்கள் போனபோது முற்றத்தில் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், தூணோரம் முதியவர்கள் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். தொழுகை நடக்காத பழமையைவிடத் தொழுகை நடக்கிற பளிங்கு எனக்குப் போதும்.

இங்கே வழிகாட்டி தரைப்படத்தைக் கொடுத்து, "பாஷ்முஹந்திஸ், பள்ளியின் சுவரையும் தெருவையும் பாருங்கள்" என்றார். இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. ஹாகிம் பள்ளியைத் தொடங்கியபோது அது மதிலுக்கு வெளியே இருந்தது; பத்ருல் ஜமாலி மதிலைத் தள்ளிக் கட்டியபோதுதான் உள்ளே வந்தது. வெளியே திறந்த வெளியில் கட்டியதால் தெருவைப் பற்றிக் கவலைப்படாமல், கட்டடம் முழுவதையும் கிப்லாவுக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தக் கிப்லாவும் சும்மா குறித்ததில்லை. கலீஃபா ஹாகிமின் காலத்தில் கெய்ரோவில் இப்னு யூனுஸ் என்ற பெரிய வானியலாளர் இருந்தார், 1009இல் இறந்தவர். வானியல் வரலாற்றாளர் டேவிட் கிங் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எகிப்துக்கு முதலில் வந்த ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) குறித்துக்கொடுத்த கிப்லா, குளிர்காலச் சூரியன் உதிக்கும் பக்கம். வானியலாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்ன கிப்லா அதிலிருந்து சுமார் 10 பாகை தெற்கே. கால்வாயோரம் போட்ட தெருக்கள் தற்செயலாக முதலாவதோடு ஒத்துப்போயின. அஸ்ஹர் பள்ளிவாசலும் ஹாகிமும் இரண்டாவதைப் பார்த்துத் திரும்பின. அந்த 10 பாகைதான் இந்தத் தெருவில் பிறகு வந்த அத்தனை பேரையும் படுத்தியெடுத்திருக்கிறது.

தெற்கே கொஞ்சம் நடந்து, தர்புல் அஸ்ஃபர் என்ற சந்துக்குள் நுழைந்து ஸுஹைமி வீட்டைப் பார்த்தோம். 1648இல் கட்டத் தொடங்கிய வியாபாரி வீடு. கடைசல் மரத்தில் பின்னிய மஷ்ரபிய்யா ஜன்னல்கள், உள்ளே மரங்கள் நிற்கிற முற்றம். என் மனைவிக்கு முழுத் தெருவிலும் இதுதான் பிடித்தது. "நம்ம வீட்டுக்கும் இப்படி ஒரு முற்றம் வைக்காம விட்டீங்களே" என்று அங்கேயே கணக்குத் தீர்த்தாள்.

பிறகு அக்மர். இங்கேதான் நான் வெகுநேரம் நின்றேன்.

சிறிய பள்ளி அது. 1125இல், கலீஃபா அல்-ஆமிரின் காலத்தில், வஸீர் மஃமூன் அல்-பதாஇஹி கட்டியது. பக்கத்திலேயே கலீஃபாவின் கிழக்கு அரண்மனை இருந்தது. ஊர்வலம் போகிற ராஜபாட்டை. அதில் கோணலாக ஒரு முகப்பு நிற்க முடியாது. அதனால் முகப்பைத் தெருவுக்கு நூல் பிடித்து நேராக நிறுத்தினார்கள். முற்றமும் தொழுகைக்கூடமும் கிப்லாவுக்கு நேராகத் திரும்பி நிற்கின்றன. முகப்புக்கும் முற்றத்துக்கும் நடுவே ஆப்பு வடிவத்தில் ஓர் இடம் விழுகிறது. அதைச் சுவரின் பருமனுக்குள்ளும் சிறு அறைகளுக்குள்ளும் மறைத்துவிட்டார்கள். தெருவில் நிற்கிறவருக்குத் தெரு நேர். முற்றத்தில் நிற்கிறவருக்குக் கிப்லா நேர். கோணல் எங்கே போனது என்று இருவருக்குமே தெரியாது. கெய்ரோவில் இப்படி முகப்பைத் தெருவோடு சேர்த்து, உள்ளே திருப்பிய முதல் பள்ளி இதுதான். முகப்பு முழுவதையும் கல்வேலையால் அலங்கரித்ததிலும் இதுவே முதல். வாசலுக்கு மேலே சிப்பி விரிந்தாற்போல் கீற்றுக் கீற்றாக ஒரு பெரிய கல் வளைவு. அதன் நடு வட்டத்தில் முஹம்மது, அலி என்ற பெயர்களைத் துளைத்துச் செதுக்கியிருக்கிறார்கள்.

வாசலுக்குள் போய்த் திரும்பி, சுவரை உள்ளிருந்து பார்த்தேன். மறுபடி வெளியே வந்து பார்த்தேன். காவலாளி என்னவோ கேட்டார். "என் மாமா பள்ளிவாசல் கட்டுறவங்கன்னு சொன்னேன் மாமா" என்றான் லாத்தா மகன். அவர் உடனே எழுந்து, ஜன்னல் குழிவு ஒன்றைக் கைகாட்டி, இங்கே வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். எனக்கு அரபியும் அவருக்குத் தமிழும் தெரியாது. இரண்டு கையையும் விரித்து, ஒரு கையை மட்டும் கொஞ்சம் திருப்பிக் காட்டினார். அவ்வளவுதான் விஷயம், அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது.

தெரு இரண்டாகப் பிரிகிற முனையில் அப்துர் ரஹ்மான் கத்குதாவின் ஸபீல், 1744இல் கட்டியது. கீழே வழிப்போக்கருக்குத் தண்ணீர், மேலே பிள்ளைகளுக்கு ஓதும் பள்ளி. மூன்று பக்கம் தெரு, எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் தண்ணீர் கைக்கு எட்டும். தாகத்துக்கும் எழுத்துக்கும் ஒரே கட்டடம் போதும் என்று கண்டவர்கள் நல்லவர்கள்.

அதற்கு அப்பால் பைனல் கஸ்ரைன். இரண்டு ஃபாத்திமி அரண்மனைகளுக்கு நடுவே இருந்த அணிவகுப்புத் திடல். 1171இல் ஸலாஹுத்தீன் ஃபாத்திமி ஆட்சியை முடித்ததும் அரண்மனைகள் கைமாறின, சிதைந்தன. நகரத்தின் நட்டநடுவில் மனை காலியானால் என்ன நடக்கும்? அடுத்தடுத்து வந்த சுல்தான்கள் அத்தனை பேரும் அங்கேயே தங்கள் பெயரை நிறுத்தினார்கள். வலக்கைப் பக்கம், அதாவது தெருவுக்கு மேற்கே, பர்கூக், நாசிர் முஹம்மது, கலாவூன் என்று மூன்று பேரின் கட்டடங்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. இப்படி ஒரு வரிசையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மேற்குப் பக்கம் என்பதைக் கவனியுங்கள். கெய்ரோவுக்குக் கிப்லா தென்கிழக்கு. கிழக்குப் பக்கத்து அக்மருக்குத் தெருவாசலில் நுழைந்து நேராகக் கிப்லாவை நோக்கி நடக்கலாம். கோணம் மட்டும்தான் பிரச்சினை. மேற்குப் பக்கத்து மனைக்குக் கிப்லா தெருவின் பக்கமே விழுகிறது. மிஹ்ராபுக்குப் பின்னால் தெரு! நான் ஊரில் தலையைப் பிய்த்துக்கொள்கிற அதே மனை.

கலாவூன் இதை 1284, 1285இல் தீர்த்த விதத்தைப் பாருங்கள். தெருவிலிருந்து ஒரு நீண்ட, உயர்ந்த இடைகழி உள்ளே போகிறது. வலப்பக்கம் அவருடைய மக்பரா (கல்லறை மண்டபம்), இடப்பக்கம் மதரஸா, இடைகழியின் கடைசியில் ஒரு பெரிய மருத்துவமனை இருந்தது. இடைகழியில் பாதிவரை நடந்து, பக்கவாட்டில் திரும்பி, மறுபடி தெருவை நோக்கித் திரும்பித்தான் மிஹ்ராபைப் பார்க்க முடியும். தொழுகிறவரின் முன்னால் யாரும் குறுக்கே வரமாட்டார்கள். மக்பராவுக்குள் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நான்கு சதுரத் தூண்களும் நான்கு உருண்டைக் கருங்கல் தூண்களும் எண்கோணமாக நின்று குவிமாடத்தைத் தாங்குகின்றன. சுண்ணாம்புச் சாந்தில் பின்னிய கொடிகள், பொன்பூச்சு, வண்ணக் கண்ணாடி. மிஹ்ராபின் இரு பக்கமும் ஜன்னல்கள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தெரு. முன்பு அந்த ஜன்னல்களில் காரிகள் உட்கார்ந்து இரவும் பகலும் குர்ஆன் ஓதுவார்கள், தெருவில் போகிறவர்கள் கேட்டுவிட்டு ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டுப் போவார்கள். மிஹ்ராப் தெருப் பக்கம் விழுந்ததைக் குறையாக நினைக்காமல், கபுறில் கிடக்கிறவருக்குத் துஆ வந்து சேர்கிற வழியாக மாற்றிவிட்டார்கள். இது எனக்குத் தோன்றியதே இல்லை.

அந்த ஜன்னல் குழிவுகளில்தான் சுவரின் கதை இருக்கிறது. குழிவுக்குள் குனிந்து பார்த்தால் ஒரு கன்னம் குட்டை, மறு கன்னம் நீளம். வெளிமுகம் தெருவோடு போகிறது, உள்முகம் மக்காவோடு போகிறது.

கலாவூனின் வேலையில் கறையும் உண்டு. ஓராண்டுக்குச் சற்று மேல் என்ற அவசரத்தில் இவ்வளவும் எழுந்தது. தெருவில் போகிறவர்களைப் பிடித்துக் கல் சுமக்க வைத்தார்கள், அதனால் ஜனங்கள் இந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதியிருக்கிறார். அவர் இதே தெருவை ஒட்டிய மஹல்லாவில் 1364இல் பிறந்தவர். அப்படிக் கட்டிய இடத்தில் தொழலாமா என்றுகூட அன்றைய ஆலிம்கள் யோசித்திருக்கிறார்கள். அதே கட்டடத்தின் மருத்துவமனைக்கு எழுதிய வக்ஃபுப் (அறக்கொடை) பத்திரமோ, ஏழை பணக்காரர், ஆண் பெண், உள்ளூரார் வெளியூரார் என்ற பேதம் கூடாது என்கிறது. 19ஆம் நூற்றாண்டு வரை அங்கே வைத்தியம் நடந்தது. இன்றும் அந்த இடத்தில் ஒரு கண் மருத்துவமனை இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஒன்றை மறைத்து மற்றதைச் சொன்னால் கல் சுமந்தவனுக்கு அநியாயம்.

பக்கத்து நாசிர் முஹம்மது மதரஸாவின் வாசல் ஒரு கிறிஸ்தவத் தேவாலயத்தின் பளிங்கு வாசல். 1291இல் சிலுவைப்படையிடமிருந்து அக்கா (ஏக்கர்) என்ற கடற்கரை நகரத்தைப் பிடித்தபோது கழற்றிக் கொண்டுவந்தது. கூர்வளைவின் உச்சியில் "அல்லாஹ்" என்று பொறித்ததோடு சரி, மற்றபடி அப்படியே நிறுத்திவிட்டார்கள். அதற்கடுத்த பர்கூக், 1384 முதல் 1386க்குள் கட்டியது; மேற்பார்வை பார்த்தவர் ஜர்கஸ் அல்-கலீலி. கான் அல்-கலீலி கடைவீதியில் இருக்கிற பெயர் இவருடையதுதான். இங்கே நேர் இடைகழிக்குப் பதில் வளைந்து வளைந்து போகிற நடை. இருட்டில் இரண்டு திருப்பம் திரும்பியதும் சட்டென்று வெளிச்சமான முற்றம். அந்தத் திருப்பங்களில்தான் 10 பாகையை விழுங்கிவிடுகிறார்கள். நடக்கிறவனுக்கு ஒன்றும் உறைக்காது. லாத்தா மகன் கைப்பேசியின் திசைகாட்டியை வைத்துக்கொண்டு மூன்று தடவை உள்ளே வெளியே போய்வந்து, "ஆமா மாமா, திரும்பித்தான் இருக்கு" என்றான்.

எதிர்ப்பக்கம் ஸாலிஹ் அய்யூபின் மக்பரா. சுல்தான் இறந்ததை மறைத்து, படையை நடத்தி, பிறகு 1250இல் தானே ஆட்சியில் அமர்ந்த ஷஜருத் துர் என்ற பெண்மணி தன் கணவருக்காகக் கட்டியது. அதே வருடக் கட்டடம். என் மனைவி அங்கே நின்று ஃபாத்திஹா ஓதிவிட்டு, "இவங்களைப் பத்தி நம்ம மதரஸாவுல ஏன் சொல்லித்தரலை?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை, வழிகாட்டி மட்டும் சந்தோஷமாகச் சிரித்தார்.

இந்த இடத்தில் செம்புக்கடைகள் நிறைய. பயறு வேகவைக்கிற குடுவைகள், மினாராவின் உச்சியில் வைக்கிற பிறைகள், ஹுக்காக் குழாய்கள். தெற்கே போனால் தங்கக்கடைகள். 1992 அக்டோபரில் வந்த நிலநடுக்கத்தில் இந்தத் தெரு ரொம்பவும் அடிபட்டது. ஆனால் அதற்கு முன்பே அடியில் கழிவுநீரும் நிலத்தடி நீரும் ஏறி, கல்லில் ஓதம் பிடித்து, உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. பிறகுதான் சாக்கடையை மாற்றி, அஸ்திவாரத்தைப் பலப்படுத்தி, வண்டிகளை நிறுத்தி, தரைக்குக் கல் பாவினார்கள். இன்றும் சில சுவர்களின் அடியில் வெள்ளையாக உப்பு தெரிகிறது. ஓதத்தை ஜெயித்த கட்டடம் எங்கும் கிடையாது, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வாகன இரைச்சல் மிகுந்த அஸ்ஹர் சாலை தெருவை இரண்டாக வெட்டுகிறது. அதைக் கடந்தால் கூரியா என்ற பகுதி. துணிக்கடைகள், முக்காடுகள், போர்வைகள். சுல்தான் கான்ஸுஹ் அல்-கூரி 1503 முதல் 1505 வரை தெருவின் இரு பக்கமும் கட்டினார். மேற்கே மதரஸா, கிழக்கே மக்பரா, நடுவே ஒருகாலத்தில் மரக்கூரை போட்ட துணிச்சந்தை. அவர் இதைக் கட்டிய வருடங்களை நம் பக்கத்துக் கடலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்துவிட்டார். மலபார் மிளகு கெய்ரோ வழியாகப் போன வரைக்கும்தான் இந்தத் தெருவில் இவ்வளவு கல். அந்த மிளகு கப்பல் ஏறி ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கியதும் சுல்தானின் சுங்கம் வற்றத் தொடங்கியது. கூரி 1505இல் போர்ச்சுகீசியருக்கு எதிராக ஒரு கப்பற்படையை இந்தியாவின் மேற்குக் கரைக்கு அனுப்பினார். அது 1508இல் சவுலில் ஜெயித்தது, 1509இல் தியூவில் தோற்றது. 1516இல் அலெப்போவுக்குப் பக்கத்தில் மர்ஜ் தாபிக்கில் உதுமானியத் துருக்கியரிடம் தோற்று அவரே மாண்டார்; உடல் கிடைக்கவில்லை. மக்பராவின் குவிமாடமும் நிற்கவில்லை. திரும்பத் திரும்பப் பிளந்து, கடைசியில் இறக்கிவிட்டுத் தட்டைக் கூரை போட்டிருக்கிறார்கள். பருமன் கணக்கில் எங்கோ பிசகு. அவருக்காகக் கட்டிய கபுறில் அவருடைய உறவினரும், கலாவூன், பர்கூக் முதலான மம்லூக் சுல்தான்களின் வரிசையில் கடைசியானவருமான தூமான் பேயை அடக்கினார்கள்.

தூமான் பேயை 1517இல் தூக்கிலிட்ட இடம் பாப் ஸுவைலா. கயிறு இரண்டு முறை அறுந்தது என்று அந்தக் காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். வாசல் 1092இல் பத்ருல் ஜமாலி கட்டியது. அதன் இரு கோபுரங்களின் மேல் நிற்கிற இரட்டை மினாராக்கள் பக்கத்து முஅய்யத் பள்ளிக்குரியவை. ஷேக் அல்-முஅய்யத் ஒரு காலத்தில் இங்கிருந்த சிறையில் கிடந்தவர். வெளியே வந்து சுல்தானானால் இந்தச் சிறையை இடித்துப் பள்ளி கட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டு, 1415இல் தொடங்கினார். பெரிய வெண்கலக் கதவைச் சுல்தான் ஹஸன் பள்ளியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. மினாராக்களில் ஒன்று கட்டும்போதே சாய்ந்து, இறக்கிவிட்டு மறுபடி கட்டினார்கள். ஸஹீஹுல் புகாரி என்ற நபிமொழித் தொகுப்புக்கு விரிவுரை எழுதிய இரண்டு பெரிய இமாம்கள், இப்னு ஹஜரும் ஐனியும், அந்தச் சாய்வைச் சாக்கிட்டு ஒருவரை ஒருவர் சீண்டிக் கவிதை எழுதிக்கொண்டார்கள் என்று வழிகாட்டி சொன்னபோது லாத்தா மகன் துள்ளிக் குதித்தான். அவன் தினமும் ஓதுகிற கிதாபுகளின் ஆசிரியர்கள் அவர்கள். இப்போது நிற்கிற மினாராக்களில் கட்டியவரின் பெயர் பொறித்திருக்கிறது: முஹம்மது இப்னுல் கஸ்ஸாஸ். சுல்தான்களின் பெயர்களாகவே படித்துக்கொண்டு வந்த எனக்கு, ஒரு கொத்தரின் பெயரைக் கல்லில் பார்த்தது பெரிய சந்தோஷம்.

முஅய்யத் பள்ளியும் மேற்குப் பக்கம்தான். இங்கே வாசலைத் தெருமுகத்தின் வடகோடிக்கு ஒதுக்கி, முன்கூடம், மக்பரா என்று சுற்றவைத்துத் தொழுகைக்கூடத்தில் கொண்டுவிடுகிறார்கள். கலாவூன் நீட்டியதை, பர்கூக் வளைத்ததை, முஅய்யத் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டார்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மேற்குப் பக்கத்து முகப்புகளான பர்கூக், கலாவூன், முஅய்யத் மூன்றும் கிழக்கே பார்ப்பவை. வெயில் அவற்றின் மேல் விழுவது காலையில்தான், செதுக்கு வேலை அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். ஹாகிமும் அக்மரும் மேற்கே பார்ப்பவை, பிற்பகலில் பாருங்கள். அதனால் காலையில் பாப் ஸுவைலாவில் தொடங்கி வடக்கே போங்கள். நண்பகல் லுஹரைக் கலாவூன் பக்கத்தில் தொழுதுவிட்டு, பிற்பகல் அஸர் தொழுகைக்கு அக்மருக்கு வந்துவிடலாம். பெண்கள் முக்காட்டுக்கு ஒரு துணியும், எல்லோரும் எளிதாகக் கழற்றுகிற செருப்பும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டட வேலைக்காரர் யாராவது போனால் ஒரு அளவு நாடாவையும் மறக்க வேண்டாம். ஜன்னல் குழிவின் இரண்டு கன்னத்தையும் அளந்து கழித்துப் பாருங்கள்.